எடுத்த வேலைய முடிக்கிறது எப்படி: கே.எல்.ல முதல் வேலைக்கு வந்தவங்களுக்கு

இது யாருக்குன்னு முதல்ல சொல்லிடுறேன். சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், சுங்கை பட்டாணி மாதிரி ஊர்ல இருந்து படிச்சு முடிச்சு கே.எல்.ல முதல் வேலைக்குச் சேர்ந்து, செந்தூல்லயோ பிரிக்பீல்ட்ஸ்லயோ நாலு பேரோட ரூம் எடுத்துக்கிட்டு, காலையில கொமுட்டர்ல நின்னுக்கிட்டே போய் சாயங்காலம் நின்னுக்கிட்டே திரும்பி வரும்போது "நாள் முழுக்க ஓடுனேன், எதை முடிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியல"ன்னு நினைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு எழுதுறேன். நான் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு சின்ன கணக்கு ஆபிஸ்ல இருக்கேன், புதுசா வர்றவங்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறது என் பொறுப்பு, அதனால இந்தக் கஷ்டத்த பக்கத்துல இருந்து நிறைய பார்த்திருக்கேன்.

ஒரு விஷயத்த நான் அடிச்சு சொல்வேன். வேலை முடியாம கிடக்குறதுக்கு "சோம்பேறி"ன்னு பேர் வைக்கிறது ரொம்பத் தப்பு. நான் பார்த்த வரைக்கும் முடியாம கிடக்குற வேலைக்கெல்லாம் ஒரே குறைதான் இருக்கும், அத எப்ப செய்யறது, எங்க உட்கார்ந்து செய்யறது, முதல்ல கைய எதுல வைக்கிறது, இந்த மூணும் முடிவாகி இருக்காது. மூணையும் முடிவு பண்ணிட்டா பாதி பேருக்கு மத்ததெல்லாம் தானா நடக்கும். கீழ சொல்றது எல்லாமே அந்த மூணு கேள்விய சுத்திதான் வரும்.

முதல் படி: தலையில இருக்கிறத எல்லாம் எழுதி இறக்குங்க

கடையில விக்கிற சாதாரண எக்சர்சைஸ் புக் ஒண்ணு வாங்குங்க, போன்ல இருக்கிற ஆப் வேணாம், ஏன்னா போன எடுத்தாலே வாட்ஸ்அப் கண்ணுல படும், அப்புறம் எதுக்கு எடுத்தோம்னே மறந்துடும். ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து செய்ய வேண்டியது எல்லாத்தையும் எழுதுங்க, ஆபிஸ் வேலை, வீட்டு வேலை, பி.டி.பி.டி.என். கடன் கட்டுறது, அம்மாவுக்கு மருந்து அனுப்புறது, ரூம் வாடகை, எதையும் பிரிக்காதீங்க. எழுதும்போது பயமா இருக்கும், இவ்வளவு இருக்கான்னு தோணும். பரவால்ல, எழுதுறதுக்கு முன்னாடியும் அவ்வளவும் தலைக்குள்ளதான் இருந்துச்சு.

இதுக்கு ஒரு காரணம் இருக்கு. புளூமா சைகார்னிக்ன்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1927ல எழுதினாங்க, முடிச்ச வேலைய விட பாதியில நின்ன வேலைதான் மனசுல அதிகமா நிக்குதுன்னு. அதுக்கப்புறம் மத்தவங்க செஞ்சு பார்த்தப்ப எல்லாம் அதே மாதிரி வரல, அதனால அத ஒரு சட்டமா எடுத்துக்க வேணாம். ஆனா 2011ல மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு நேரடியா உதவும். முடியாத வேலை மனச அரிச்சிக்கிட்டே இருக்குல்ல, அத நிறுத்த வேலைய முடிக்கணும்னு கூட இல்ல, எப்ப எப்படி செய்யப் போறோம்னு தெளிவா ஒரு திட்டம் போட்டாலே அந்த அரிப்பு குறையுதாம். ராத்திரி தூக்கம் வராம புரளுறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ரெண்டாவது படி: ஒவ்வொரு வரியையும் திருப்பி எழுதுங்க

இதுதான் முக்கியமான படி, இங்க அவசரப்படாதீங்க.

எங்க ஆபிஸ்ல ஒரு தங்கச்சியோட புக்குல "அப்பா ரோட் டேக்ஸ்"ன்னு ஒரு வரி இருந்துச்சு. வாரா வாரம் புதுப் பக்கத்துல அதையே திரும்ப எழுதுவா, மேல கோடு போட்டு நட்சத்திரம் எல்லாம் போட்டு. "அக்கா, ஒவ்வொரு நாளும் பார்க்குறேன், செய்ய முடியல"ன்னா. நான் அவகிட்ட கேட்டது ஒண்ணுதான், இப்ப இத ஆரம்பிக்கணும்னா உன் கை முதல்ல எங்க போகும்? யோசிச்சா. ரோட் டேக்ஸ் போடணும்னா முதல்ல காடிக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும், இன்சூரன்ஸ் எடுக்க விலை கேக்கணும், விலை கேக்க ஏஜெண்ட்டுக்கு காடி நம்பரும் அப்பாவோட ஐ.சி. நம்பரும் அனுப்பணும், அந்த ஐ.சி. நம்பர் அவ கையில இல்ல. ஆக முதல் வேலை ரோட் டேக்ஸே கிடையாது, அப்பாவுக்கு ஒரு போன்! அந்த வரிய அடிச்சிட்டு இப்படி எழுதினா: "செவ்வாய் மதியம் 1 மணி, சாப்பிட்டு முடிச்சதும், பேன்ட்ரியில, அப்பாவுக்கு போன், ஐ.சி. படம் அனுப்பச் சொல்லணும்." அதுக்குக் கீழ "படம் வந்தா, உடனே ஏஜெண்ட்டுக்கு அனுப்பணும்." அவ்வளவுதான். அந்த வாரமே வேலை முடிஞ்சிடுச்சு.

"இது நடந்தா, அத செய்வேன்"ன்னு எழுதுற இந்த முறைய பீட்டர் கோல்விட்சர்ன்னு ஜெர்மன் மனோதத்துவப் பேராசிரியர் ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கார். 1997ல வந்த ஒரு ஆய்வுல மாணவர்கள்கிட்ட கிறிஸ்மஸுக்கு முந்தின நாள எப்படிக் கழிச்சாங்கன்னு ஒரு அறிக்கை எழுதி ரெண்டு நாளைக்குள்ள அனுப்பச் சொன்னாங்க. எப்ப எங்க உட்கார்ந்து எழுதுவேன்னு முன்னாடியே குறிச்சவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல அனுப்பிட்டாங்க, சும்மா சரின்னு சொன்னவங்கள்ல மூணுல ஒரு பங்குதான் அனுப்பினாங்க. அத்தனை பேரும் அதே மாணவர்கள்தான், அதே லீவுதான். வித்தியாசம் அந்த ஒரு வரி.

எழுதும்போது ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. அந்த வரிய பக்கத்து மேசைக்காரர்கிட்ட கொடுத்தா வேற எதுவும் கேக்காம அவர் ஆரம்பிக்க முடியுமா? "ரிப்போர்ட் பார்க்கணும்"னு இருந்தா முடியாது. "மார்ச் மாச சேல்ஸ் ஃபைல திறந்து இன்வாய்ஸ் நம்பர் விட்டுப் போயிருக்கான்னு பார்க்கணும்"னு இருந்தா முடியும். ஒரு நாளைக்கு இப்படி மூணு வரி போதும், பத்து வரி எழுதுறவங்க மத்தியானத்துக்குள்ளயே சோர்ந்து போறத நான் பார்க்குறேன்.

மூணாவது படி: எவ்வளவு நேரம் ஆகும்னு எழுதுங்க, அப்புறம் கூட்டுங்க

நம்ம எல்லாருமே நேரத்த குறைச்சுதான் கணக்குப் போடுறோம். 1994ல கனடாவுல ரோஜர் பியூலரும் கூட இருந்தவங்களும் செஞ்ச ஆய்வுல, கடைசி வருஷ மாணவர்கள்கிட்ட ஆய்வேட்ட எப்ப முடிப்பீங்கன்னு கேட்டாங்க, சராசரியா 34 நாள்னு சொன்னாங்க, ஆனது 55 நாள். படிச்சவங்க, தன் வேலைய தானே செய்றவங்க, அவங்களுக்கே இப்படி. அதனால நீங்க ஒரு மணி நேரம்னு நினைச்சா ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. வேலை முடிஞ்சதும் உண்மையில எவ்வளவு ஆச்சுன்னு பக்கத்துல குறிங்க, ரெண்டு மூணு வாரத்துல உங்க கணக்கு உங்களுக்கே பிடிபட்டுடும், அப்புறம் போஸ் கேட்டா தைரியமா பதில் சொல்லலாம்.

முடிக்கிற நேரத்தையும் எழுதுங்க, ஆரம்பிக்கிற நேரம் மட்டும் பத்தாது. கொடுத்த நேரம் முழுக்க வேலை இழுத்துக்கிட்டே போகும்னு ஒரு விதி சொல்வாங்கல்ல, அதச் சொன்ன நார்த்கோட் பார்கின்சன் நம்ம பக்கத்துல இருந்தவர்தான், 1950கள்ல மலாயா பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ல இருந்தப்ப அங்க வரலாற்றுப் பேராசிரியரா இருந்தார், 1955ல எழுதினது அது. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குன்னா வேலையும் மாசக் கடைசி வரைக்கும் உட்கார்ந்துக்கும்.

நம்ம ஊருக்குன்னு இன்னொண்ணு. வருஷ ஆரம்பத்துல தைப்பூசம், சீனப் பெருநாள்னு லீவு அடுத்தடுத்து வரும், சில வருஷத்துல நோன்புப் பெருநாளும் சேர்ந்துக்கும். காலண்டர்ல ஒரு மாசம் இருக்கும், வேலை நாள எண்ணிப் பார்த்தா ரொம்ப கம்மியா இருக்கும், கஸ்டமர் ஆபிஸும் மூடியிருக்கும். தேதி ஒத்துக்கிறதுக்கு முன்னாடி லீவ கழிச்சுட்டு எண்ணுங்க.

நாலாவது படி: வாட்ஸ்அப்ப கட்டுக்குள்ள கொண்டு வாங்க

போன ஆஃப் பண்ணுங்கன்னு புத்தகத்துல எழுதுறவங்க நம்ம ஊர்ல வேலை பார்த்தது இல்ல போல. இங்க போஸ் பேசுறது வாட்ஸ்அப்ல, கஸ்டமர் பில் அனுப்புறது வாட்ஸ்அப்ல, எம்.சி. சொல்றதும் வாட்ஸ்அப்ல. ஆஃப் பண்ண முடியாது, ஆனா தரம் பிரிக்கலாம். சொந்தக்காரங்க குரூப், ஸ்கூல் பழைய மாணவர் குரூப், கோயில் குரூப், ரூம்மேட் குரூப் எல்லாத்தையும் எப்பவும் சத்தம் வராத மாதிரி மியூட் பண்ணி ஆர்க்கைவ்ல போடுங்க, புது மெசேஜ் வந்தாலும் அங்கயே இருக்கிற மாதிரி செட்டிங் இருக்கு. குரூப்ப விட்டு வெளிய வர வேணாம், அத்தை கோவிச்சுக்குவாங்க, மியூட் பண்ணினது யாருக்கும் தெரியாது. போஸுக்கும் வீட்டுக்கும் மட்டும் தனி ரிங்டோன் வைங்க. மத்தத பார்க்க ஒரு நேரம் வைங்க, நான் சொல்றது காலையில வேலை ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, சாப்பாட்டுக்கு அப்புறம், அப்புறம் கிளம்புறதுக்கு முன்னாடி.

ஆபிஸ்ல எப்பவும் உடனே பதில் போட்டுப் பழகிட்டீங்கன்னா திடீர்னு நிறுத்தினா எல்லாருக்கும் கோவம் வரும். முன்னாடியே சொல்லிடுங்க: "அண்ணே, 10ல இருந்து 11.30 வரைக்கும் கணக்கு பார்த்துக்கிட்டு இருப்பேன், அவசரம்னா கால் பண்ணுங்க, எடுப்பேன்." கால் வர்றது ரொம்ப கம்மியா இருக்கும், நீங்களே பாருங்க.

நடுவுல யாராவது வந்து கூப்பிட்டா

இத தனிப் படின்னு சொல்ல முடியாது, ஆனா எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. 2009ல சோஃபி லெராய்ன்னு ஒரு ஆராய்ச்சியாளர் காட்டினாங்க, ஒரு வேலைய முடிக்காம இன்னொண்ணுக்குப் போனா கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு. 2018ல அவங்களே இதுக்கு மருந்தும் சொன்னாங்க, எழுந்து போறதுக்கு முன்னாடி எங்க நிறுத்தினோம், திரும்பி வந்து என்ன செய்யணும்னு சுருக்கமா குறிச்சு வைங்கன்னு.

எங்க ஆபிஸ்ல பேங்க் ஸ்டேட்மெண்ட்ட கணக்கோட ஒத்துப் பார்க்குற வேலை இருக்கு, பாதியில எழுந்தா முதல்ல இருந்து பார்க்கணும். புதுசா வந்த ஒரு தம்பிக்கு மஞ்சள் ஸ்டிக்கி நோட் ஒரு கட்டு கொடுத்து வெச்சிருக்கோம். யாராவது கூப்பிட்டா "ஒரு நிமிஷம் அக்கா"ன்னு சொல்லிட்டு நின்னுக்கிட்டே எழுதுவான்: "3ஆம் பக்கம், 14ஆம் தேதி வரை ஓகே. 15ல 480 வெள்ளி யார் கட்டினதுன்னு தெரியல. அடுத்து அத ரசீது ஃபைல்ல தேடணும்." அத ஸ்டேட்மெண்ட்ல அந்த வரி மேலயே ஒட்டிட்டுப் போவான். திரும்பி வந்து உட்கார்ந்த உடனே கை ரசீது ஃபைலுக்குப் போகுது, எங்க விட்டோம்னு தேடுறதே இல்ல. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதும் இதே மாதிரி ஒரு நோட் எழுதி கீபோர்ட் மேல ஒட்டிட்டுப் போங்க, காலையில எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நேரம் போறது அதோட நின்னுடும்.

டைமர் வெச்சு வேலை செய்றது பத்தி எல்லாரும் கேக்குறாங்க. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வுங்கிறது இத்தாலிக்காரர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980களோட கடைசியில மாணவரா இருந்தப்ப தக்காளி மாதிரி இருந்த சமையல் டைமர வெச்சு ஆரம்பிச்சது. ஆரம்பிக்கவே மனசு வராத வேலைக்கு ரொம்ப நல்லது. கணக்கு, கோடிங், எழுத்து வேலைக்கு 25 பத்தாது, சூடு பிடிக்கிற நேரத்துல மணி அடிக்கும், அதுக்கு 45 நிமிஷம் வைங்க.

அஞ்சாவது படி: இடத்த தேர்ந்தெடுங்க

ஆபிஸ் முடிஞ்சு ஜாம்ல வந்து சேர்ந்து ராத்திரி 9 மணிக்கு ரூம்ல உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பேன்னு திட்டம் போடாதீங்க. ஒருத்தர் கேம் விளையாடுவார், ஒருத்தர் ஊருக்கு வீடியோ கால் பேசுவார், அவங்க மேலயும் தப்பில்ல, அதுதான் அவங்களுக்கும் வீடு. தலை வேலை செய்யணும்னா ஆபிஸுக்கு முன்கூட்டியே போய் அங்கயே ஒரு மணி நேரம் உட்காருங்க, ரயிலும் கொஞ்சம் காலியா இருக்கும். சனிக்கிழமைன்னா ஜாலான் துன் ரசாக்ல தேசிய நூலகம் இருக்கு, டத்தாரான் மெர்டேக்கா பக்கத்துல கே.எல். நூலகம் இருக்கு, ஏர்கோன், மேசை, அமைதி எல்லாம் இருக்கும், போறதுக்கு முன்னாடி திறக்கிற நேரம் மட்டும் பார்த்துக்கோங்க. மாமாக் கடையில லேப்டாப் வெச்சு வேலை செய்றவங்களப் பார்த்திருக்கேன், தே தாரிக் குடிச்சிக்கிட்டு ஐடியா பேச அது நல்ல இடம், பெரிய திரையில பந்து ஓடிக்கிட்டு இருக்கும்போது கணக்கு பார்க்க அது இடமில்ல.

ஆறாவது படி: முக்கால்வாசி முடிஞ்சத முழுசா முடிங்க

புதுசா வர்றவங்க அதிகமா கோட்டை விடுறது இங்கதான். தன் பங்க முடிச்சிடுவாங்க, மத்தவங்ககிட்ட போன உடனே மறந்துடுவாங்க, ரெண்டு வாரம் கழிச்சு போஸ் கேக்கும்போது "நான் அனுப்பிட்டேனே"ம்பாங்க. அனுப்பினது முடிச்சது ஆகாது. எக்சர்சைஸ் புக்கோட கடைசிப் பக்கத்துல தனியா ஒரு பட்டியல் வைங்க, யார்கிட்ட, எதுக்காக காத்திருக்கேன், எப்ப கேட்டேன், திரும்ப எப்ப கேக்கணும். இந்த நாலும் ஒரே வரியில.

திரும்பக் கேக்கிறதுக்கு நம்ம ஆளுங்க ரொம்பக் கூச்சப்படுவாங்க, பெரியவங்கள தொந்தரவு பண்றோமோன்னு. அந்தக் கூச்சம் நல்ல வளர்ப்புல இருந்து வர்றது, அத விட வேணாம், வார்த்தைய மட்டும் சரியா வைங்க. "அண்ணே வணக்கம், கேட்டேனே, என்ன ஆச்சு"ன்னு அனுப்பினா அவருக்கும் எதுன்னு புரியாது. "அண்ணே வணக்கம். பிப்ரவரி மாச மின்சார பில் மட்டும்தான் இன்னும் வரல, மத்தது எல்லாம் கிடைச்சிடுச்சு, நன்றி. வியாழக்கிழமைக்குள்ள படம் எடுத்து அனுப்பினா போதும், பில் கையில இல்லன்னா சொல்லுங்க, வேற வழி பார்க்குறேன்"னு அனுப்புங்க. என்ன வேணும், எப்ப வேணும், இல்லன்னா என்ன பண்ணலாம், மூணும் அதுல இருக்கு, மரியாதையும் குறையல.

உங்களால சொன்ன தேதிக்கு முடியாதுன்னு தெரிஞ்சா தெரிஞ்ச அன்னிக்கே சொல்லிடுங்க. திங்கட்கிழமை சொன்னா போஸ் வேற ஆள போடுவார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொன்னா அவரால என்ன செய்ய முடியும்?

முழுசா ஒரு வேலைய எடுத்துப் பார்ப்போம்: வருமான வரி

முதல் வேலைக்காரங்க எல்லாரும் தள்ளிப் போடுற வேலை இது. "டேக்ஸ்"ன்னு ஒரு வரி எழுதி வெச்சா மே மாசம் வரைக்கும் அப்படியே இருக்கும். பிரிச்சா இப்படி வரும். முதலாளி பிப்ரவரி கடைசிக்குள்ள இ.ஏ. பாரம் (போன வருஷம் வாங்கின சம்பளத்தோட கணக்கு) கொடுக்கணும், வரலன்னா மார்ச் முதல் வாரம் ஹெச்.ஆர். அக்காகிட்ட கேளுங்க. வரி நம்பர் இல்லன்னா வரி இலாகாவோட மைடேக்ஸ் தளத்துல இ-டஃப்தார் வழியா பதிவு பண்ணணும், முதல் தடவை உள்ள போறதுக்கு பின் நம்பரும் தேவைப்படலாம், இந்த ரெண்டுக்கும் காத்திருக்க வேண்டி வரலாம், அதனால இதுதான் முதல் வேலை, ஜனவரியிலயே ஒரு மதிய நேரத்துல செய்யலாம். சம்பளக்காரங்களுக்கு இ-ஃபைலிங் (ஆன்லைன்ல வரிக் கணக்கு அனுப்புறது) மார்ச் 1ல திறக்கும், வழக்கமா மே 15 வரைக்கும் டைம் கொடுப்பாங்க. ரசீது எல்லாத்தையும் வருஷம் முழுக்க ஒரே கவர்ல போடுங்க, தேதி மங்குறதுக்கு முன்னாடி படமும் எடுத்து வைங்க, ஏழு வருஷம் வெச்சிருக்கணும். கவரும் இ.ஏ. பாரமும் கையில இருந்தா நிரப்புறது ஒரு சனிக்கிழமை காலை வேலைதான். மார்ச்லயே ஒரு சனிக்கிழமைய இப்பவே குறிச்சிடுங்க.

நடுவுல விட்டுப் போச்சுன்னா

விட்டுப் போகும், எல்லாருக்கும். ஊர்ல கல்யாணம், ஜுரம், மாசக் கடைசி ஓ.டி.ன்னு ஏதாவது வரும். லண்டன்ல ஃபிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 2010ல வெளியிட்ட ஆய்வுல ஒரு பழக்கம் தானா வர்ற அளவுக்கு ஆக சராசரியா 66 நாள் எடுத்துச்சு, சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு, நடுவுல ஒரு நாள் விட்டதால பெரிய நஷ்டம் இல்லன்னும் பார்த்தாங்க. அதனால புது புக் வாங்கி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம், அடுத்த பக்கத்த திருப்பி மூணு வரி எழுதுங்க.

ஆனா சின்ன வயசுல இருந்தே எதுலயும் கவனம் நிக்காம, ஸ்கூல்லயும் இப்படியே, வீட்லயும் இப்படியே, எந்த முறையும் ஒத்து வரலன்னா அது கவனக்குறைவுக் கோளாறா இருக்கலாம், இல்ல மனச்சோர்வா இருக்கலாம். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தான்ல குடிமக்களுக்கு 1 வெள்ளிதான், டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லுங்க, தேவைன்னா ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதிக் கொடுப்பாங்க. யாராவது பேய் பிடிச்சிருக்கு, கண்ணு பட்டிருக்குன்னு சொன்னா கேட்டுக்கோங்க, டாக்டர்கிட்டயும் போங்க.

எல்லாம் செஞ்சும் வேலை கொட்டிக்கிட்டே இருந்தா

சில ஆபிஸ்ல உண்மையிலயே ஒரு ஆளுக்கு ரெண்டு ஆள் வேலை கொடுப்பாங்க, அதுக்கு எந்த முறையும் மருந்து ஆகாது. 2023 ஜனவரியில இருந்து வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், அதுக்கு மேல போனா என்னன்னு உங்க ஒப்பந்தத்த எடுத்துப் படிங்க. போஸ்கிட்ட "என்னால முடியல"ன்னு போகாதீங்க, எழுதின புக்க எடுத்துட்டுப் போங்க, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நீங்க குறிச்சு வெச்சிருக்கீங்கல்ல, அத காட்டிப் பேசுங்க: "போஸ், இந்த வாரம் என்கிட்ட இது மூணும் இருக்கு, வெள்ளிக்குள்ள ரெண்டுதான் சரியா முடியும், எந்த ரெண்டு முதல்ல வேணும்?"